மதர்போர்டை மாற்றாமல் பிராசஸரும் ராமும் மட்டும் மாற்றினால் போதுமா?

நீங்கள் கேட்டதை ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். 2019இல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். ரைசன் 5 2600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம், அதுவும் ஒரே ஸ்டிக், வேகம் 2666. போன வருடம் பழைய கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு ஆர்எக்ஸ் 6600 போட்டீர்கள், கூடவே 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். ஆனாலும் வாலரண்ட்டில் சண்டை சூடு பிடிக்கும்போது எஃப்பிஎஸ் (திரையில் விநாடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது படம்) விழுகிறது, ஜிடிஏ 5 ரோல்பிளே சர்வரில் ஊருக்குள் வண்டி ஓட்டினால் ஜெர்க் அடிக்கிறது, சைபர்பங்க் 2077இல் கூட்டம் உள்ள தெருக்களில் திக்குகிறது. கடைக்காரர் "இந்த போர்டுக்குக் காலம் முடிந்துவிட்டது, டிடிஆர்5 செட்டாக மாற்றிவிடுங்கள்" என்கிறார், அதாவது புதுத் தலைமுறை ராமும் அதற்கான போர்டும் பிராசஸரும். பிராசஸரும் ராமும் மட்டும் மாற்றினால் போதாதா, எந்த மாடல் வாங்கலாம் என்பது உங்கள் கேள்வி. ஆனால் அதற்குள் இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: கார்டுக்குப் போட்ட காசு ஏன் திரையில் தெரியவில்லை, இந்த போர்டை நம்பி இன்னும் காசு போடலாமா. அவற்றுக்குப் பதில் கிடைத்தால் மாடல் தானாக முடிவாகிவிடும்.

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வதும் சர்வீஸ் பார்ப்பதும்தான் பல வருடமாக எனக்குப் பிழைப்பு. இதே 2600, இதே பி450 ஜோடி என் மேசைக்கு நிறைய வந்திருக்கிறது, ஏனென்றால் அந்தக் காலத்தில் பட்ஜெட் கேமிங் என்று யார் கேட்டாலும் இதைத்தான் எழுதிக் கொடுத்தோம். அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போர்டு இருக்கட்டும். முதலில் ராம். பிறகு கொஞ்ச நாள் விளையாடி, அளந்து பார்த்து, அப்போதும் உதைத்தால் பிராசஸர், அதே சாக்கெட்டிலேயே (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்). இந்த வரிசையை மாற்றாதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் வாங்கி மாட்டினால் எது வேலை செய்தது, எதற்குக் கொடுத்த காசு தண்டம் என்று கடைசிவரை தெரியாது.

கார்டு விஷயத்துக்கு வருவோம். திரையில் வரும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இரண்டு பேர் உழைக்கிறார்கள். பிராசஸர் முதலில் கணக்குப் போடுகிறது: யார் எங்கே நிற்கிறார், குண்டு எந்தப் பக்கம் போகிறது, எந்தக் கார் எங்கே திரும்புகிறது, கேமராவுக்குள் எதெது விழுகிறது. அந்தப் பட்டியலை வாங்கிக்கொண்டுதான் கார்டு படம் வரைகிறது. 144 எஃப்பிஎஸ் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 7 மில்லி செகண்ட். பிராசஸர் தன் பங்குக்கு 12 மில்லி செகண்ட் எடுத்துக்கொண்டால், கார்டு 5 மில்லி செகண்டில் வரைந்து முடித்தாலும் மீதி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். 83 எஃப்பிஎஸ்ஸுக்கு மேல் ஒன்றும் வராது. அந்த நிலையில் 6600ஐக் கழற்றிவிட்டு அதைவிட மூன்று மடங்கு விலையுள்ள கார்டை வைத்தாலும் அதே 83தான். வாலரண்ட் கார்டுக்கு வேலையே கொடுக்காத கேம், அதில் எஃப்பிஎஸ்ஸை முடிவு செய்வது பெரும்பாலும் பிராசஸரும் ராமும்தான். ஜிடிஏ 5 ஒரு முக்கிய த்ரெட் (பிராசஸரில் ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகளில் ஒன்று) மேலேயே பெரும்பாரத்தை ஏற்றும் பழைய இன்ஜின், ரோல்பிளே சர்வர்களில் அதன் தலையில் கூடுதல் ஸ்கிரிப்டும் புதுப்புது கார் மாடல்களும் வேறு ஏறுகின்றன. சைபர்பங்க் இரண்டும் கலந்தது: கூட்டம் உள்ள இடத்தில் பிராசஸர் முட்டும், ரே டிரேசிங் (ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் கணக்கிட்டு வரைவது) போட்டால் கார்டு முட்டும். ரே டிரேசிங்கை ஆன் செய்துவிட்டுத்தான் திக்குகிறது என்கிறீர்கள் என்றால் அதற்குப் பிராசஸர் மருந்து கிடையாது, அதை ஆஃப் செய்வதுதான்.

இதை என் பேச்சை நம்பி ஏற்க வேண்டாம், அரை மணி நேரத்தில் நீங்களே பார்த்துவிடலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவசம், அதோடு வரும் ரிவாட்யூனரையும் சேர்த்துப் போட்டால் விளையாடும்போதே திரை ஓரத்தில் எண்கள் ஓடும். கார்டு எத்தனை சதவீதம் உழைக்கிறது, ராம் எவ்வளவு போகிறது, ஒவ்வொரு த்ரெட்டும் தனித்தனியாக எவ்வளவு, பிராசஸர் சூடு, சராசரி எஃப்பிஎஸ், 1% லோ (மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் எஃப்பிஎஸ்). இவ்வளவும் வரட்டும். ஜெர்க் அடிக்கிற அந்த இடத்திலேயே பாருங்கள், மெனுவில் நின்றுகொண்டு பார்ப்பது வீண். அந்த நேரத்தில் கார்டு 95 சதவீதத்துக்கு மேல் உழைத்தால் முட்டுவது கார்டு. 50, 60 என்று தூங்கிக்கொண்டிருந்தால் பிராசஸரோ ராமோ அதைக் காக்க வைக்கிறது. இன்னொரு சோதனை இன்னும் எளிது: அதே இடத்தில் ரெசல்யூஷனை 1080இலிருந்து 720க்கு இறக்குங்கள். படம் கேவலமாகத் தெரியும், பரவாயில்லை. எஃப்பிஎஸ் ஏறவில்லை என்றால் கார்டு குற்றவாளி இல்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நிறையப் பேர் விழுகிறார்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து "சிபியு 45 சதவீதம்தானே காட்டுகிறது, பாதி சும்மா கிடக்கிறதே" என்பார்கள். 2600க்கு 12 த்ரெட். ஒரே ஒரு த்ரெட் மூச்சு முட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம் சொச்சம்தான். கேமின் முக்கிய வேலை அந்த ஒன்றில் மாட்டிக்கொண்டிருந்தால் மற்ற பதினொன்றும் சும்மா இருந்து என்ன பிரயோசனம்? அதனால் மொத்த சதவீதத்தைப் பார்த்து பிராசஸருக்கு நற்சான்றிதழ் கொடுக்காதீர்கள். அதேபோல சராசரி எஃப்பிஎஸ்ஸை மட்டும் பார்ப்பதும் ஏமாற்றும். சராசரி 120, 1% லோ 40 என்றால் கையில் உணர்வது அந்த 40ஐத்தான்.

அளக்கும்போதே காசு செலவில்லாத சில்லறை வேலைகளையும் முடித்துவிடுங்கள். மானிட்டர் கேபிள் கார்டில்தான் சொருகியிருக்கிறதா, விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 144 தேர்வாகியிருக்கிறதா (புது மானிட்டர் வாங்கி மாதக்கணக்கில் 60இலேயே ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்), கேம் ஹார்டு டிஸ்க்கில் கிடக்கிறதா எஸ்எஸ்டியிலா. பிராசஸர் சூடு எவ்வளவு என்பதும் முக்கியம், 2600க்கு உச்ச வரம்பு 95 டிகிரி. ஆறு வருடக் கூலர், அதற்கும் பிராசஸருக்கும் நடுவில் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட், ஃபின்னுக்குள் பஞ்சு மாதிரி அடைந்த தூசி, அதன்மேல் நம்மூர் மே மாதம்: இதில் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வது சகஜம். தூசி தட்டிப் பேஸ்ட் மாற்றியதிலேயே பாதிப் புகார் தீர்ந்து வீட்டுக்குப் போன வண்டிகள் உண்டு. ரோல்பிளே சர்வரில் வருவது ஜெர்க்கா, நெட் பிங் ஏறி வரும் லேகா என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். காட்சி வழுக்கிக்கொண்டே இருக்க மற்றவர்கள் மட்டும் இடம்விட்டு இடம் தாவினால் அது நெட்.

இப்போது ராம். உங்கள் விஷயத்தில் நான் ஏறக்குறைய சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடியது இதுதான்: 8 ஜிபி ஒற்றை ஸ்டிக் உங்களுக்கு ஒரே நேரத்தில் மூன்று வகையில் கெடுதல் செய்கிறது. முதலாவது அளவு. விண்டோஸ், டிஸ்கார்ட், நாலு டேப் குரோம் என்று கேம் திறப்பதற்கு முன்னாலேயே 3, 4 ஜிபி போய்விடும். சைபர்பங்கின் 2.0 அப்டேட்டுக்குப் பிறகு குறைந்தபட்சத் தேவையே 12 ஜிபி, ஹாக்வார்ட்ஸ் லெகசி போன்ற கேம்களுக்குக் குறைந்தபட்சமே 16. இடம் போதாதபோது விண்டோஸ் மீதியை டிஸ்க்கில் இருக்கும் பேஜ் ஃபைலுக்குத் தள்ளிவிட்டு, வேண்டும்போது திரும்ப இழுக்கிறது, அந்த இழுப்புதான் நடுவில் வரும் திடீர் உறைதல். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் கீழே "கமிட்டட்" என்று ஓர் எண் இருக்கும். கேம் ஓடும்போது அது 12, 13 ஜிபி என்று உங்கள் 8ஐத் தாண்டி நின்றால் வேறு ஆதாரமே வேண்டாம்.

இரண்டாவது சேனல். உங்கள் பிராசஸருக்கு மெமரிக்குப் போக இரண்டு வழி இருக்கிறது, ஒரு ஸ்டிக் போட்டால் ஒரு வழிதான் திறக்கும். பந்தியில் இரண்டு வரிசைக்கும் ஒரே ஆள் பரிமாறுகிற மாதிரி. ஒற்றை 2666 ஸ்டிக் கொடுக்கக்கூடிய அதிகபட்ச வேகம் விநாடிக்கு 21 ஜிபி சொச்சம், இரண்டு ஸ்டிக் 3200இல் ஓடினால் அதுவே 51. இது ஏட்டுக் கணக்கு, எஃப்பிஎஸ் இரண்டரை மடங்காகாது, ஆனால் 1% லோவில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

மூன்றாவது உங்கள் தலைமுறை ரைசனுக்கே உரியது. 2600இன் ஆறு கோர்களும் (கணக்குப் போடும் தனித்தனிப் பகுதிகள்) ஒரே கூட்டமாக இல்லை, மூன்று மூன்றாக இரண்டு குழு, ஒவ்வொரு குழுவுக்கும் 8 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக மெமரி). இந்தக் குழுவில் இருப்பவர் அந்தக் குழுவிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற உள்பாதை வழியாகப் போக வேண்டும், அந்தப் பாதையின் கிளாக் ராமின் கிளாக்கோடு கட்டப்பட்டிருக்கிறது. 2666 ராம் போட்டால் ஃபேப்ரிக் 1333 மெகாஹெர்ட்ஸ், 3200 போட்டால் 1600. அதாவது ராம் மெதுவாக இருந்தால் கோர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் மெதுவாகிறது. பழைய ரைசன்காரர்கள் ராம் வேகத்தைப் பிடித்துக்கொண்டு அத்தனை சண்டை போட்டதற்குக் காரணம் இதுதான்.

எதை வாங்குவது? நல்ல வழி, 8 ஜிபி ஸ்டிக் இரண்டு சேர்ந்து ஒரே பெட்டியில் வரும் 3200 சிஎல்16 கிட் (சிஎல் என்பது தாமத அளவு, குறைவாக இருந்தால் நல்லது). இன்னும் நாலைந்து வருடம் இதிலேயே ஓட்டப்போகிறேன், எடிட்டிங்கும் செய்வேன் என்றால் 16 ஜிபி ஸ்டிக் இரண்டு. ஆனால் 2025 பிற்பாதியிலிருந்து ராம் விலை போகிற போக்கு உங்களுக்குத் தெரியும். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை விழுங்கிக்கொண்டிருக்கின்றன, மைக்ரான் 2025 டிசம்பரில் குரூசியல் என்ற தன் சில்லறை பிராண்டையே மூடப்போவதாக அறிவித்துவிட்டது, டிடிஆர்4 உற்பத்தியை எல்லோரும் குறைத்துவருவதால் அதுவும் சேர்ந்து ஏறிவிட்டது. வாரத்துக்கு ஒரு விலை இருக்கும்போது நான் இங்கே ரூபாயைச் சொல்லி, நீங்கள் அதை ரிச்சி தெருவில் போய்க் காட்டி, எதற்கு வம்பு. கை கடித்தால் இப்போது இருக்கும் ஸ்டிக்குக்கு ஜோடியாக இன்னொரு 8 ஜிபி 2666 பழையது வாங்கிப் போடுங்கள், வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. பழைய பொருளில் வாங்குவதற்கு ரொம்ப ஆபத்தில்லாதது ராம்தான்: தேய்கிற பாகம் எதுவும் இல்லை, மெம்டெஸ்ட்86ஐப் பென்டிரைவில் போட்டு ஓர் இரவு ஓடவிட்டால் கெட்டதா நல்லதா என்று காலையில் தெரிந்துவிடும். ஒரு பிழை காட்டினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், "ஒன்றுதானே" என்று விடாதீர்கள்.

வேறு வேறு கம்பெனி ஸ்டிக்குகளைக் கலக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். இரண்டும் டிடிஆர்4ஆக இருந்தால் பெரும்பாலும் ஓடும், மெதுவானதன் வேகத்தில் ஓடும். ஆனால் கலந்த ஜோடியை 3200இல் ஓட்டினால் ஆடாமல் நிற்குமா என்பது அந்தந்த ஸ்டிக்கைப் பொறுத்தது, யாராவது உறுதியாகச் சொன்னால் அவர் ஊகிக்கிறார். இன்னொன்று, 2600க்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொன்ன வேகம் 2933 வரைதான். 3200 கிட் போட்டு எக்ஸ்எம்பி (ராமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் இருக்கும்) ஆன் செய்ததும் சிஸ்டம் எழவில்லை என்றால் ராமைத் திட்டாமல் 2933 வைத்துப் பாருங்கள். பின்னால் பிராசஸரை மாற்றும்போது அதே கிட் 3200இல் ஓடிவிடும்.

மாட்டும்போது நாலு ஸ்லாட் போர்டு என்றால் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். அடுத்தடுத்து ஒன்று, இரண்டு என்று போட்டால் இரண்டு ஸ்டிக் இருந்தும் சிங்கிள் சேனலிலேயே ஓடும், டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் 16 ஜிபி என்று ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருக்கும், சேனல் கதையை அது சொல்லாது. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் மெமரி பக்கம் போனால் சேனல் தெரியும். அங்கேயே டிரேம் ஃப்ரீக்வென்சி 1600 என்று இருந்தால் 3200 என்று அர்த்தம், பாதியாகத்தான் காட்டும், பதறாதீர்கள். 1200, 1333 என்று நின்றால் பயாஸில் எக்ஸ்எம்பி ஆன் ஆகவில்லை. அசூஸ் போர்டில் அதற்கு டிஓசிபி என்று பெயர்.

ராம் முடிந்து, மறுபடி அளந்து, கார்டு இன்னமும் தூங்குகிறது என்றால் பிராசஸர். என் ஊகம், ராம் போட்டதும் உறைதல் பெருமளவு போய்விடும், வாலரண்ட்டிலும் ரோல்பிளேயிலும் 144ஐத் தொடுவதற்கு மட்டும் பிராசஸர் தேவைப்படும். நல்ல செய்தி, உங்கள் ஏஎம்4 சாக்கெட் மாதிரி நீண்ட ஆயுள் கண்ட சாக்கெட் அபூர்வம். 2017இன் முதல் ரைசனுக்கு வந்த அதே சாக்கெட்டில் 2020 கடைசியில் வந்த 5000 வரிசையும் உட்காருகிறது. இதே வயது இன்டெல் சிஸ்டம் வைத்திருப்பவருக்கு இந்தப் பாக்கியம் இல்லை, அங்கே இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை சாக்கெட் மாறிவிடும்.

உங்களுக்கு நான் எழுதிக் கொடுப்பது ரைசன் 5 5600. 2022 ஏப்ரலில் வந்தது, 2600 மாதிரியே ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 65 வாட். காகிதத்தில் பார்த்தால் "அதே ஆறு கோருக்கு ஏன் காசு" என்று தோன்றும். உள்ளே ஆள் வேறு. ஆறு கோரும் ஒரே குழு, 32 எம்பி எல்3 எல்லாவற்றுக்கும் பொது, அந்தக் குழு விட்டுக் குழு போகிற பஞ்சாயத்தே கிடையாது. கிளாக் 3.9க்குப் பதில் 4.4 வரை போகிறது. அது தவிர ஒவ்வொரு கிளாக்கிலும் செய்யும் வேலை அதிகம்: 2600இன் ஜென் பிளஸுக்கு அடுத்து ஜென் 2, அதற்கும் அடுத்தது இந்த ஜென் 3. ஜென் 2ஐ விடவே இது 19 சதவீதம் மேல் என்பது ஏஎம்டியின் கணக்கு, கம்பெனி கணக்கைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொண்டாலும் நீங்கள் இரண்டு படி தாண்டுகிறீர்கள். போனஸாக, பல பி450 போர்டுகளில் புது பயாஸோடு ஸ்மார்ட் ஆக்சஸ் மெமரி (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் நேரடியாக எட்டுவது) வசதியும் கிடைக்கும், அது உங்கள் 6600க்குச் சில கேம்களில் உதவும். பாக்ஸ் பீஸ் வாங்கினால் கூலரும் உள்ளேயே வருகிறது.

கடையில் கவனம் தேவைப்படும் இடம் இது. 5500, 5600ஜி இரண்டும் பெயரில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், விலையும் குறைவாக இருக்கும், ஆனால் கேஷ் பாதிதான், 16 எம்பி. கேமுக்கு அந்தக் கேஷ்தான் உயிர். 4500 என்று ஒன்று வரும், அதில் 8 எம்பிதான், தொடாதீர்கள். "சார் 5600 ஸ்டாக் இல்லை, இதுவும் அதேதான்" என்றால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். எக்ஸ்3டி வகை, 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி, 96 எம்பி கேஷோடு வந்தவை, கேமுக்கு ஏஎம்4இல் அவைதான் உச்சம். இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் 6600 கார்டுக்கு அவ்வளவு பெரிய பிராசஸர் தேவையில்லை, கூலரும் தனியாக வாங்க வேண்டும். அடுத்த வருடம் பெரிய கார்டு வாங்கும் திட்டம் உறுதியாக இருந்து, நம்பகமான ஆளிடம் பழையது நியாய விலைக்கு மாட்டினால் மட்டும் யோசியுங்கள். புதிதாக வாங்குவது எதுவானாலும் சீல் உடையாத பாக்ஸ் பீஸ், பில்லோடு. டிரே பீஸ் (பாக்ஸ் இல்லாமல் தனியாக விற்பது) என்றால் வாரண்டி யார் கொடுப்பார் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கடைக்காரர் சொன்ன டிடிஆர்5 செட் தவறான பொருள் இல்லை. ஏஎம்5 (டிடிஆர்5 போடும் ஏஎம்டியின் புது சாக்கெட்) நல்ல மேடை, 2027 வரையும் அதற்கு மேலும் ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்குப் போனால் போர்டு, பிராசஸர், ராம் மூன்றும் ஒரே பில்லில் வரும், டிடிஆர்4இல் ஒரு ஸ்டிக்கைக்கூட அங்கே கொண்டுபோக முடியாது, டிடிஆர்5 விலையோ இன்றைக்குத் தலைசுற்றல். அத்தனையும் செய்து முடித்து 6600ஐ அதில் சொருகினால், முட்டுகிற இடம் கார்டுக்கு நகர்ந்திருக்கும், 5600 போட்டிருந்தால் எங்கே நின்றிருப்பீர்களோ அதிலிருந்து பல கேம்களில் பெரிய தூரம் போயிருக்க மாட்டீர்கள். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, புது செட்டாக விற்றால் அவருக்குப் பயாஸ் வேலை இல்லை, பழைய போர்டு பின்னால் மக்கர் செய்தால் பதில் சொல்லும் தொல்லை இல்லை. "விண்டோஸ் 11 வராது" என்று சொல்லியிருந்தால் அது மட்டும் சரியில்லை. முதல் தலைமுறை ரைசனுக்குத்தான் அந்தப் பிரச்சினை, 2600 மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறது. விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு நின்றுவிட்டதால் எப்படியும் நீங்கள் மாற வேண்டியிருக்கும், அது வேறு.

இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியாதவையும் உண்டு. எத்தனை எஃப்பிஎஸ் கூடும் என்று எண் கேட்காதீர்கள், அது உங்கள் செட்டிங், சர்வர், மேப் எல்லாவற்றையும் பொறுத்தது. உங்கள் பி450 எந்த மாடல் என்று நீங்கள் எழுதவில்லை, எழுதியிருந்தாலும் ஆறு வருடத்தில் அதன் கெபாசிட்டர் எப்படி இருக்கிறது என்று கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) எந்தப் பிராண்ட் என்றும் தெரியாது. 5600 மின்சாரத்தில் 2600ஐ விட அதிகம் கேட்காது, அதனால் பிராசஸருக்காக எஸ்எம்பிஎஸ் மாற்றத் தேவையில்லை, ஆனால் அது கேபினெட்டோடு இலவசமாக வந்த வகை என்றால் பிராசஸருக்கு முன்னால் அதை மாற்றுங்கள். போர்டு ஏற்கெனவே யுஎஸ்பி விட்டுவிட்டு வேலை செய்கிறது, ஒரு ராம் ஸ்லாட் செத்துவிட்டது என்ற நிலையில் இருந்தால் நான் இதுவரை சொன்ன கணக்கு மாறும், அப்போது கடைக்காரர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

பிராசஸர் மாற்றுவதென்று முடிவானால் வரிசை தப்பக் கூடாது. முதலில் பயாஸ், அதுவும் பழைய 2600 மாட்டியிருக்கும்போதே. புது பிராசஸரைப் போட்டுவிட்டு அப்டேட் செய்துகொள்ளலாம் என்றால் திரையே வராது. போர்டு கம்பெனி தளத்தில் உங்கள் மாடல் பக்கம் போய், சிபியு ஆதரவுப் பட்டியலில் 5600க்கு எந்தப் பயாஸ் பதிப்பு வேண்டும் என்று பார்த்து, அந்தப் பதிப்போ அதற்குப் பிந்தையதோ இறக்கி, ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்த பென்டிரைவில் ஜிப்பைப் பிரித்துப் போடுங்கள். போர்டின் ரிவிஷன் எண்ணையும் ஒப்பிடுங்கள், சில மாடல்களில் பெயர் ஒன்றாக இருந்து ரிவிஷன் வேறாக இருக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் கரண்ட் போனால் போர்டு போச்சு, யுபிஎஸ் இருந்தால் அதில் போடுங்கள், இல்லையென்றால் மழை நாளில் இந்த வேலை வேண்டாம். அப்டேட் முடிந்ததும் பயாஸ் செட்டிங் எல்லாம் பழைய நிலைக்குப் போயிருக்கும், எக்ஸ்எம்பியை மறுபடி ஆன் செய்ய வேண்டும்.

அடுத்தது பலர் தலையில் கை வைக்கும் இடம். விண்டோஸ் 11இல் டிஸ்க் என்கிரிப்ஷன் (டிஸ்க்கில் உள்ளதைச் சாவி போட்டுப் பூட்டுவது) தானாகவே ஆன் ஆகியிருக்கலாம். பிராசஸர் மாறியதும் முதல் தடவை கறுப்புத் திரையில் எஃப்டிபிஎம் (அந்தச் சாவியைக் காக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி) மாறிவிட்டது, ரீசெட் செய்யவா என்று கேட்டு 'ஒய்' அல்லது 'என்' அழுத்தச் சொல்லும். 'ஒய்' அழுத்தினால் பழைய சாவி போய்விடும், விண்டோஸ் 48 இலக்க ரெக்கவரி எண்ணைக் கேட்டு நிற்கும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், முன்கூட்டியே எடுத்து எழுதி வையுங்கள், அல்லது என்கிரிப்ஷனை ஆஃப் செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வாலரண்ட்டுக்கு விண்டோஸ் 11இல் டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பயாஸ் செட்டிங்) ஆனில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேம் திறக்காது. பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு இரண்டையும் சரிபாருங்கள்.

கழற்றும்போது அவசரம் வேண்டாம். ஏஎம்4 பிராசஸரில் பின்கள் சாக்கெட்டில் இல்லை, பிராசஸரின் அடியிலேயே இருக்கின்றன. பேஸ்ட் காய்ந்து கூலரோடு ஒட்டியிருந்தால், நேராக மேலே இழுக்கிற இழுப்பில் லாக் போட்டிருந்தும் பிராசஸர் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும், நாலைந்து பின் வளைந்துபோகும். கழற்றுவதற்கு முன்னால் பத்து நிமிடம் ஒரு கேமை ஓடவிடுங்கள், பேஸ்ட் இளகும். ஷட் டவுன் செய்து, கேபிளைப் பிடுங்கி, ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி எடுத்தபின், கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகுங்கள். பிடி விட்டது கையில் தெரியும், அப்புறம் தூக்குங்கள். புதியது ஓரத்து முக்கோணக் குறி பார்த்து வைத்தால் தன் எடையிலேயே உட்காரும், அழுத்தம் கொடுக்கவே கூடாது. 5600இன் பாக்ஸில் வரும் கூலரில் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருக்கும், மேலே நீங்களும் தடவ வேண்டாம்.

பழைய 2600ஐ அன்றைக்கே விற்றுவிடாதீர்கள். புதியதில் ஏதாவது சிக்கல் வந்து வாரண்டிக்கு அனுப்பினால் அதுவரை வண்டி ஓட அது வேண்டும், பயாஸில் ஏதாவது குழம்பினாலும் அதைப் போட்டால்தான் திரை வர வாய்ப்பு (சில போர்டுகளின் புதுப் பயாஸ் மிகப் பழைய பிராசஸர்களைக் கைவிடுவதுண்டு, ஆதரவுப் பட்டியலில் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்). புது பிராசஸர் வந்த அந்தப் பிளாஸ்டிக் உறையிலேயே பின் மேல்நோக்காமல் வைத்து மூடி ஓரமாக வையுங்கள். போர்டு மாடல், எஸ்எம்பிஎஸ் பெயர், ஜெர்க் அடிக்கும் நேரத்தில் கார்டு சதவீதம், கமிட்டட் எண், இந்த நாலையும் எழுதுங்கள், ராமுக்கே வேலை முடிந்துவிடுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.